அப்பாவின் கேசட் பெட்டிகள்: 97,800 ரூபாயும் மூன்றரை வருடமும்

எங்கள் அப்பா 1987 முதல் 2004 வரை வேலூரில் ஒரு சின்ன கேசட் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் பெரிதாகத் தோன்றும். லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை, அதன் பரணில் காப்பி எடுக்க நான்கு கேசட் டெக், ஒரு இரும்பு பீரோ. அவ்வளவுதான். அங்கிருந்து 26 கேசட் தலைப்புகள் வெளியே போயின. பதினான்கு அம்மன் பாட்டு, பன்னிரண்டு தெருக்கூத்து. அப்பா 2016-ல் இறந்தார். அவர் விட்டுப்போன நாடாக்களைக் காப்பாற்ற 2021 கடைசியில் இறங்கினேன். அதில் 97,800 ரூபாய் போனது, மூன்றரை வருடம் போனது, பெரிய சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் நாடா இரண்டு திரும்பி வராமலே போனது. தம்பி ஓசூரில் வேலையில் இருக்கிறான், அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ஒவ்வொரு இடத்திலும் நானே இடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ தாத்தாவோ பதிவு செய்த நாடா இருக்கலாம். அதைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா எப்படி இதற்குள் வந்தார் என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். இசைத்தட்டுக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர் பாட்டு வெளியே வருவது லேசில்லை. தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். பெரிய கம்பெனியின் தொழிற்சாலை கல்கத்தா டம்டமில் இருந்தது. செய்யாறு பக்கத்து ஜமா ஒன்று, அதாவது கூத்துக் குழு, அந்தக் கதவை எங்கே போய்த் தட்டும்? பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த கேசட் எண்பதுகளில் நம் ஊர்த் தெருவுக்கு வந்து சேர்ந்த பிறகு கதை மாறியது. ஒரு நல்ல டெக், இரண்டு மைக், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ரேடியோ மெக்கானிக் கூட கம்பெனி ஆகலாம். அப்பா ஆனார்.

வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார்கள். வடஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பக்கமே இல்லை. பங்குனி தொடங்கி வைகாசி தாண்டி ஊர் ஊராக அக்னி வசந்த விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. அது முடிந்தால் ஆடி வந்துவிடும், அம்மன் பாட்டு. அப்பாவின் முதல் வாடிக்கையாளர்கள் மைக் செட்காரர்கள்தான். ஒரு மைக் செட்காரர் ஒரு கேசட்டை வாங்கிக் கோயிலில் போட்டால் அந்த ஊர் முழுக்கக் கேட்கும், மறுநாள் பத்துப் பேர் கடைக்கு வந்து "நேத்து கோயில்ல போட்டாங்களே, அது" என்று கேட்பார்கள். அப்பா விளம்பரத்துக்கென்று ஒரு ரூபாய் செலவழித்ததில்லை.

கூத்துப் பதிவு ராத்திரியில்தான் நடக்கும். ஆரணிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைக் கல்யாணமில்லாத மாதத்தில் குறைந்த வாடகைக்குப் பிடிப்பார். பகலில் சுற்றிலும் தறிச் சத்தம், அது அடங்கப் பதினொரு மணியாகும். சுவரெல்லாம் ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை கூட்டிப்போனார். முகவீணை என்பது சின்ன நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி. அதை வாசிப்பவரை அறையின் கோடியில் திருப்பி உட்காரவைத்து, ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஜமாவை நடத்திப் பாடும் வாத்தியாருக்கு மட்டும் தனி மைக். விடிய விடிய ஆடும் கர்ண மோட்சத்தை இரண்டு கேசட்டில் அடக்க வேண்டும். எதை விடுவது என்று வாத்தியாரும் அப்பாவும் விவாதித்ததிலேயே இரண்டு மணி நேரம் போனது. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் பகுதியைக் குறைக்கலாம் என்றார் அப்பா. "அது போனா ஜனங்க எழுந்து போய்டும்" என்று வாத்தியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் சொன்னபடியே வைத்தார்கள். அந்தக் கேசட்தான் அப்பாவிடம் அதிகம் விற்றது.

அப்புறம் நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடி வந்தது. 2004-ல் அப்பா நிறுத்திவிட்டார். காப்பி டெக்குகளை எடைக்குப் போட்டார், காப்பிகளுக்கு மூலமான மாஸ்டர் நாடாக்களை மட்டும் போடவில்லை. 28 கேசட், பத்து கால் அங்குல ஸ்பூல், ஆக 38. இரண்டு தகரப் பெட்டியில் பரணுக்கு ஏறின.

2021 நவம்பர் மழையை வேலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் வீட்டு ஓட்டில் ஒழுகிப் பரண் நனைந்தது. டிசம்பரில் பெட்டியைத் திறந்தபோது கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அழுதுவிட்டேன். அந்தப் பதற்றத்தில்தான் முதல் தவறைச் செய்தேன். சரிதானா என்று பார்க்க, பூஞ்சை பிடித்த ஒரு கேசட்டை உடனே பழைய டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட்டினேன். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டவே கூடாது. தூள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பரவும், ஒட்டிப்போன சுற்று பிய்த்துக்கொண்டு வரும். வெயிலிலும் காயவைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு நாடா நெளிந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பெட்டியை விட்டு எடுத்து நிற்கவைத்துச் சில வாரம் உலரவிட வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். நாடா எத்தனையோ வருடம் காத்திருந்தது, இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். நம் பதற்றம்தான் அதற்கு முதல் எதிரி.

2022 ஜனவரியில், நாடாவை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒருவரைச் சென்னையில் பிடித்தேன். கேசட்டுக்கு 600, ஸ்பூலுக்கு 1,500. ஆக 31,800 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார், கொடுத்தேன். 38 மாஸ்டரையும் ஒரே நாளில் காட்பாடியிலிருந்து ரயிலில் எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ரசீது கூட வாங்காமல் திரும்பி வந்தேன். பதினான்கு மாதம் இழுத்தடித்தார். ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன், லீவு போட்டு நேரில் போனால்தான் இரண்டு கேசட் நகரும். 2023 மார்ச்சில் ஒரு பென் டிரைவும் பெட்டிகளும் தந்தார். ஸ்பூல் எட்டுதான் இருந்தது. மற்ற இரண்டும் ஓடும்போதே பழுப்புத் தூளாக உதிர்ந்து அறுந்துவிட்டன, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில வகை ஸ்பூல் நாடாவில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஓட்டினால் கிறீச்சிடும், பூச்சு உதிரும். அப்படிப்பட்டதை 50 டிகிரிக்குச் சற்று மேலே சீரான வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து உலர்த்திய பிறகுதான் ஓட்டுவார்கள். வீட்டு அடுப்பில் செய்கிற வேலை இல்லை, அதற்கென்று தெரிந்தவர் வேண்டும். இவர் கிறீச்சென்ற சத்தம் கேட்டும் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்.

பென் டிரைவில் இருந்தது எல்லாம் எம்பி3. இரைச்சலை எடுக்கிறேன் என்று முகவீணையின் உச்சியையும் சேர்த்து வழித்துவிட்டிருந்தார். அதனால் சொல்கிறேன். யாரிடம் கொடுத்தாலும் முதலில் இரண்டே இரண்டு நாடா கொடுத்துப் பாருங்கள், அதுவும் முக்கியமில்லாத இரண்டு. ஒவ்வொரு நாடாவுக்கும் எண் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். வேவ் கோப்பாக, 24 பிட்டில், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில், எந்தச் சுத்தமும் செய்யாமல் அப்படியே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 24 பிட், 96-ல் ஒரு மணி நேரம் சுமார் இரண்டு ஜிபி வரும், இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் விலைக்கு அது ஒன்றுமில்லை. இரைச்சலைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொன்று, நாடா ஓடும் நேரம்தான் வேலை நேரம். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும். ஒரே நாளில் முப்பது முடித்துவிடுவேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இதற்கு நடுவில், 2022 ஜூனில், இன்னொரு வேலையும் செய்துவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. பாட்டுகளைச் செயலிகளில் ஏற்றித் தரும் ஒரு கம்பெனி வாட்ஸ்அப்பில் வந்தது. 26 தலைப்புக்கும் 15,000 ரூபாய் முன்பணம், வருமானத்தில் எழுபது சதவீதம் நமக்கு. பதினொரு பக்கம் ஆங்கிலத்தில் ஒப்பந்தம். டிஜிட்டல் செய்பவருக்குக் கொடுத்த பணம் கையைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். கணக்குப் பக்கத்தை மட்டும் படித்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆறாம் பக்கத்தில் உலகம் முழுவதும், காலவரையின்றி, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும் உரிமையை மாற்றித் தருகிறேன் என்று இருந்ததைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினேன்.

2023-ல் அப்பாவின் நினைவு நாளன்று கர்ண மோட்சத்திலிருந்து நான்கு நிமிடத்தை அவர் போட்டோவுடன் யூடியூபில் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் உரிமைக் கோரல். அப்பா ராத்திரி கண் விழித்துப் பதிவு செய்த பாட்டு, என் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நாடா, அதற்கு வேறொருவர் உரிமையாளர். அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து ஒரு வவுச்சர் கூட என்னால் சரியாகப் போட முடியவில்லை. ஒரு விஷயம் அப்போது தெரியாமல் பயந்துபோனேன், உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உரிமைக் கோரல் வேறு, சேனலுக்கே எச்சரிக்கையாக வரும் ஸ்டிரைக் வேறு. கோரல் வந்தால் பொதுவாக விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால்தான் சேனலே போகும். எதற்கும் உடனே கோபத்தில் பதில் போடாமல் காகிதத்தைத் தேடுங்கள்.

சத்துவாச்சாரி கோர்ட்டில் இருக்கும் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "நாடாவை விடுங்க. காகிதம் என்ன இருக்கு?" என்றார். இரும்பு பீரோவைக் குடைந்தேன். கேசட் பெட்டிக்குள் செருகும் அச்சடித்த அட்டைகளான இன்லே கார்டுகள், அச்சகப் பில்கள், கலைஞர்களிடம் அப்பா வாங்கிய ரசீதுகள். இவ்வளவு நாள் நான் நாடாவைத்தான் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னபோதுதான் ஒரு கேசட்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது புரிந்தது. எழுதி மெட்டமைத்தவர் உரிமை ஒன்று. பாடியவர், வாசித்தவர் உரிமை ஒன்று. ஒலிப்பதிவு செய்து வெளியிட்டவர் உரிமை ஒன்று. அப்பாவுடையது மூன்றாவது. அது வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் செல்லும். 1988-ல் வந்த கேசட்டுக்கு 2048 கடைசி வரை. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஆனால் நம்முடையது என்று காட்ட வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, வெளியான வருடத்தைக் கேசட்டின் மேல் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்பா பாதிக் கார்டுகளில் வருடம் போடவில்லை. அங்கே எங்களுக்கு உதவியது முகவரி. பழைய கார்டுகளில் வடஆற்காடு மாவட்டம், 1989-ல் மாவட்டம் பிரிந்த பிறகு வந்தவற்றில் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அதற்கும் பிறகு வேலூர் மாவட்டம். அச்சகப் பில்லையும் அதையும் வைத்து எல்லாத் தலைப்புக்கும் காலத்தை ஒழுங்குபடுத்தினோம். எனவே நாடா கெட்டுப்போனாலும் அதன் அட்டையை வீசாதீர்கள்.

ரசீதுகளைப் பார்த்தபோது இன்னொரு பயம் வந்தது. வெள்ளைத் தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி "கேசட் உரிமைக்காக ரூ. 1,500 பெற்றுக்கொண்டேன்" என்று வாத்தியார் கையெழுத்து. கேசட்டுக்கு மட்டும்தான். உரிமையை எழுதித் தரும் பத்திரத்தில் காலம் சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும் என்பது பதிப்புரிமைச் சட்டம். எழுதிக் கொடுத்தபோது புழக்கத்தில் இல்லாத வடிவத்தைப் பத்திரத்தில் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றால் அது அடங்காது என்று 2012 திருத்தம் சொல்கிறது. பாரதக் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் வாத்தியார் தானாகக் கட்டிச் சேர்த்த விருத்தமும் வசனமும் அவருடையவை. ஆக, என்னிடம் முழுதாக இல்லாத ஒன்றைத்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் தனியாக. வாரிசுச் சான்றிதழில் அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர் இருக்க, கையெழுத்து என்னுடையது மட்டும்.

வக்கீல் அதையே பிடியாக வைத்துப் பேசினார். ஒரு வருடம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் முன்பணம் 15,000-ஐத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் பன்னிரண்டு கூத்தையும் விட்டுக்கொடுத்தார்கள், பதினான்கு அம்மன் பாட்டைப் பத்து வருடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கூத்துக்கு ஆப்பில் கேட்பாரில்லை, அதனால்தான் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். வக்கீல் கட்டணம் 25,000. ஒப்பந்தம் கையில் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை வருடம், எந்தெந்த வடிவம், பிடிக்கவில்லை என்றால் எப்படி வெளியே வருவது. பதில் அந்தக் காகிதத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும், போனில் சொன்னது கணக்கில் வராது. அதே 25,000-இல் ஒரு பகுதியை முதலிலேயே ஒரு வக்கீலுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

அப்புறம் கலைஞர்களைத் தேடிப் போனேன். கூத்துக்குப் பெயர்போன புரிசை இருக்கும் அதே செய்யாறு பக்கம்தான் வாத்தியார் ஊரும். அவர் இல்லை. அவர் மனைவி இருந்தார், எழுபது தாண்டியவர். புதிதாக ஒரு பத்திரம் எழுதி, வருமானம் வந்தால் பாதி அவர்கள் வீட்டுக்கு என்று போட்டு எடுத்துப்போயிருந்தேன். அதைப் பிரிப்பதற்கு முன் போனில் பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "இது அவர் குரல் இல்லம்மா. இன்னாவோ சின்னப் பையன் பாடற மாதிரி கீது" என்றார். அவர்தான் பாடுகிறார் அம்மா, அட்டையில் பெயர் இருக்கிறது என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு துணியை விலக்கி ஹார்மோனியத்தை இழுத்து வந்தார். "அவர் அஞ்சு கட்டையில பாடுவாரு. இதே பொட்டிதான் உங்க நைனா பதிவுக்கும் வந்துது. நீ போடு" என்று துருத்தியைப் போட்டு ஐந்தாம் கட்டையை அழுத்தினார். போனில் வந்தது அரைக் கட்டை மேலே நின்றது. என் காதுக்கே தெரிந்தது. நான் ஒரு வருடமாக அதை நூறு தடவை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பத்திரத்தைப் பிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். பழைய பதிவுகளில் மின்சாரத்தின் உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். இதில் 53-ல் நின்றது. சென்னைக்காரரின் டெக் ஆறு சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, அத்தனை கேசட்டுக்கும். அதனால்தான் பூஞ்சை, எம்பி3 எல்லாவற்றையும்விட இதை அழுத்திச் சொல்கிறேன். எந்த நாடாவை மாற்றினாலும் பாடியவரையோ அவர் வீட்டாரையோ கேட்கவைத்துச் சுருதி பாருங்கள். யாரும் இல்லை என்றால் அந்த 50 ஹெர்ட்ஸைப் பாருங்கள்.

முதலிலிருந்து தொடங்கினேன். 15,500-க்கு ஒரு நல்ல பழைய டெக், கணினியில் ஏற்ற 11,500-க்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், 8,000-க்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று என் வீட்டில், இன்னொன்று ஓசூரில் தம்பியிடம். போக்குவரத்து 6,000. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க, ஹெட்டின் சாய்வை ஒரு சின்னத் திருகால் திருப்பி முகவீணை பளிச்சென்று வரும் இடத்தைப் பிடிக்க, நாடாவை அழுத்தும் பஞ்சு உதிர்ந்துபோன கேசட்டைத் திருகு போட்ட வேறு கூட்டுக்கு மாற்றப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கேசட். மீதமிருக்கும் எட்டு ஸ்பூலை இன்னும் தொடவில்லை, உலர்த்தி ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் ஒன்றே ஒன்று மட்டும் கொடுத்திருக்கிறேன், பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இந்த வருடம் தை மாதத்தில் திருத்திய பதிவோடு மறுபடி போனேன். அந்த அம்மா ஹார்மோனியத்தை முன்கூட்டியே திண்ணையில் எடுத்து வைத்திருந்தார். ஐந்தாம் கட்டையை அழுத்திக்கொண்டே கேட்டார். குரல் அதில் போய் உட்கார்ந்தது. கட்டியக்காரன் வரும் இடம் வந்ததும் துருத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துகொண்டன. முதல் பக்கம் முடிந்தது. பத்திரத்தை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், அடுத்த பக்கத்தப் போடு" என்றார்.